ஏகாதசிக்கு வந்தவர்கள்

வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பார்க்க வந்தவர்கள் ஆடி மாதம் வரை அப்பா வீட்டில் இருந்தார்கள். அம்மாவின் சித்தி மகனும் அவர் மனைவியும். எனக்கு மாமா, அத்தை முறை. ஸ்ரீரங்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஏகாதசி விருந்தாளிகள் புதிதல்ல. இரண்டு நாள் பாய் விரித்துக் கொடுத்து, மூன்றாம் நாள் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவோம். இந்த முறை மூன்றாம் நாள் அத்தைக்கு முழங்கால் வலி வந்தது. வலி தீர்ந்ததும், ஊரில் வீடு ஒழுகுகிறது என்றார் மாமா.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது. அம்மா போன பிறகு தனியாக இருந்தார். நான் கணவரோடு பொன்மலை குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். துணைக்கு ஆள் கிடைத்ததில் எனக்கும் நிம்மதிதான். அத்தை நன்றாகச் சமைப்பார். அப்பாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கட்டில் ஹாலுக்கு வந்திருந்தது. அறை அவர்களுடையதாகிவிட்டது. நான் போன் செய்தால் மாமாதான் எடுப்பார். "அத்தான் தூங்குறாரும்மா" என்பார். பின்னால் அப்பா இருமுவது கேட்கும். பென்ஷன் எடுக்கும் ஏடிஎம் கார்டு மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. அப்பாவின் கண்ணாடிக் காம்பு உடைந்து நூலால் கட்டியிருந்தது.

ஆடியில் ஒருநாள் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட வர முடியுமான்னு உங்க மாமா கேட்டாரு. வீட்டுக்கு ஏதோ பவர் எழுதுறாங்களாம். உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. போலீசுக்குப் போகலாம் என்றார் என் கணவர். போனால் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியவர் அப்பா. அதனால் ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டு திங்கட்கிழமை நானும் விருந்தாளியாகப் போனேன்.

"உன் வீட்டுக்காரருக்கு யாரு சமைப்பாங்க?" என்றார் அத்தை.

"அவரே சமைச்சுக்குவாரு."

கட்டிலை மறுபடி அறைக்குள் போடச் செய்து, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். மறுநாள் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி அப்பாவைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப் போனேன். கடையில் காத்திருந்தபோது கேட்டேன்.

"அப்பா, வியாழக்கிழமை எங்க போறீங்க?"

"கரண்ட் கனெக்‌ஷன்ல இன்னும் உங்கம்மா பேருதான் இருக்கு. மாத்தணும், கையெழுத்துப் போடணும்னான்."

"அதுக்கு எதுக்குப்பா ரிஜிஸ்டர் ஆபீஸ்? பவர் எழுதி வாங்கப் போறாங்க. குடுத்துட்டா வீட்டை அவரே வித்துடலாம்."

அப்பா தெருவில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டு விஷயம் எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சேதான் விட்டேன். காலையில எழுந்தா காபி வருது. பேச ஆள் இருக்கு. சும்மா யாரு வந்து இருப்பாங்க?" பிறகு என் பக்கம் திரும்பினார்: "வீட்டு விஷயம்தான் தெரியாது."

அங்கிருந்து பேங்குக்குப் போனோம். பழைய கார்டை நிறுத்தச் சொன்னபோது, தொலைந்துவிட்டதா என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். "ஆமா, தொலைஞ்சுடுச்சு" என்றார் அப்பா.

வியாழக்கிழமை காலை வாசலில் ஆட்டோ நின்றது. மாமா வெள்ளைச் சட்டையில் இருந்தார். அப்பா சவரம்கூடச் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலையா அத்தான்?"

"இல்ல மச்சான். நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்புங்க."

மாமா என்னைப் பார்த்தார். "பொண்ணு சொல்லிக் குடுத்துச்சா?"

"வீடு என்னோடது. நான்தான் சொல்றேன்."

அத்தை அழுதார். அப்பாவின் துணியெல்லாம் துவைத்ததைச் சொன்னார். அது உண்மைதான்.

"செஞ்சீங்க. இல்லேங்கல" என்றார் அப்பா.

சனிக்கிழமையே நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கூடவே மிக்ஸியும் போயிருந்தது.

பல நாள் அப்பா என்னிடம் சரியாகப் பேசவில்லை. பொன்மலைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "அங்க ஷிஃப்ட் சங்கு கேக்கும். வேலையில இருந்தப்ப கேட்டது போதும்" என்றார். இப்போது காலையில் சமையலுக்கு ஓர் அம்மாள் வருகிறார். அத்தை கைப்பக்குவம் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரேயே அப்பா சொல்கிறார். வாரத்தில் பாதி நாள் நான் போய்த் தங்குகிறேன். லீவு நாட்களில் நர்ஸ் பெண் இறங்கி வந்து அவரோடு டீ குடிக்கிறாள்.

சென்ற தை மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்த அம்மாவின் தங்கை கேட்டார்: "வீட்டுக்காக அவங்களை விரட்டிட்டியாமே?"

"ஆமா சித்தி" என்றேன்.

பக்கத்து இலையில் அப்பா இன்னொரு கரண்டி பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.