ஓசியில் வந்த லாரி

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி சரோஜா. மகள் கவிதா. மாப்பிள்ளை பிரபு. இன்னொருவர் போனில் இருந்தார் – ஷிண்டே.

ஷிண்டேயைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனா... ஞாபகம் இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் பத்தொன்பது வருஷம் ஒரே லாரி. பூனா – நாமக்கல், பூனா – சென்னை. நான் ஓட்டினால் அவர் தூங்குவார். அவர் ஓட்டினால் நான் தூங்குவேன். ஸ்டியரிங்கை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குவது லேசா?

ஷிண்டேவுக்குச் சர்க்கரை. போன வருஷம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிரைவருக்கு இடது கால் என்றால் கிளட்ச் கால்.

அதோடு பூனாவில், ஏரவாடா வீட்டில் கட்டிலில் படுத்தவர்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்.

"அண்ணா, நீ என் மூஞ்சியப் பாக்கல. காலப் பாக்குற. இனிமே வராத."

அவர் மராத்திக்காரர். தமிழ், நாமக்கல் பட்டறைகளில் கற்றுக்கொண்டது. நேராகத்தான் பேசுவார். நான் போவதை நிறுத்திவிட்டேன்.

அவர் மகள் ஸ்வாதிக்கு விமான் நகரில் கால் சென்டர் வேலை. அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு. கிளட்ச் கிடையாது, நாலு பட்டன்தான். இன்டர்நெட் இருந்தால் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பேர் ஒரே ரோட்டில் இரண்டு லாரி ஓட்டலாம். இதைச் சொன்னபோது ஷிண்டே சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லையாம். ஆனால் ஒரு கேள்வி கேட்டாராம். அண்ணா ஓட்டுவானா?

பதினோரு மாதத்தில் அப்பா கேட்ட முதல் கேள்வி இது என்று ஸ்வாதி போனில் சொன்னாள். எந்தக் கடையில் வாங்கினாள் என்றும் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. எந்தக் கடையில் வாங்கினால் என்ன? சரக்கு ஒன்றுதானே?

கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. இந்த விளையாட்டு சி.டி.யில்கூட வராது. கம்ப்யூட்டரிலேயே கடை, கார்டிலேயே காசு, ஒயர் வழியாகவே சரக்கு. நாங்கள் இப்போது இருப்பது அதே பூனாவில், வானவடியில், மகள் வீட்டில். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவர் மூன்று கடைகளைத் திறந்து காட்டினார். விளையாட்டு அதேதான். விலையும் ஏறக்குறைய அதேதான். கொசுறுதான் வேறு. ஒரு கடையில் லாரிக்குச் சிவப்புப் பெயின்ட் ஓசி. ஸ்வாதி வாங்கின கடையில் ஒன்றும் இல்லை. மூன்றாவது கடையில் ஒரு லாரியே ஓசி.

"கேம் எல்லாம் ஒண்ணுதானுங்க மாமா. இங்க முன்கூட்டியே புக் பண்ணுனா பச்சை லாரி ஒண்ணு சும்மா தர்றாங்க. மூஞ்சில உங்க பேரு போட்டுக்கலாமுங்க."

என் பேரா?

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினேன். எல்லாமே முதலாளி லாரி. நெற்றியில் முதலாளி பிள்ளைகளின் பேர் இருக்கும். அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தால் பெயின்டர் வருவார், நாங்கள் அரை நாள் வண்டியை நிறுத்தி வைப்போம். அப்படி ஐந்து தடவை நிறுத்தியிருக்கிறோம்.

அதையே வாங்குங்க மாப்பிள்ளை என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

விளையாட்டு வெளியானதும் இறங்க இரண்டு நாள் ஆனது. பச்சை லாரி வந்தது. நெற்றியில் என் பேர் வந்தது. கையால் தொட முடியாது, வாசலில் நிறுத்த முடியாது... ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரோஜா ஈரத்துணியால் மானிட்டரைத் துடைத்து, மூலையில் குங்குமம் வைத்தாள். கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றாள்.

"ஏங்க, இதை எதுக்கடியில வெக்கறது?"

மவுஸுக்கு அடியில் வைக்கச் சொன்னாள் கவிதா. சரோஜா கீபோர்டுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

ஞாயிறு நாலு மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. வெளிநாட்டு ரோடு, ஊர்ப் பேர் வாயில் நுழையவில்லை. அதனால் ஊரைத் தாண்டியதும் வரும் முதல் பெட்ரோல் பங்க் என்று பேசி வைத்தோம். போய் நின்றேன். நாலாவது பம்ப். ஆள் இல்லை. போன் வந்தது.

"அண்ணா, எங்க இருக்க?"

"பங்க்ல."

"நானும் பங்க்ல. நீ எந்த பங்க்?"

"சிவப்புக் கூரை. நாலாவது பம்ப்பு."

"நாலாவது பம்ப்புல நான் நிக்கறேன். நீ இல்ல."

"ஹார்ன் அடிக்கறேன். கேளு."

அடித்தேன்.

"போன்ல கேக்குது. ரோட்டுல கேக்கல."

அவர் அடித்தார். எனக்கும் போனில்தான் கேட்டது. ஒரே பங்க், ஒரே பம்ப். இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் இல்லை. ஆவி கதை மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை வந்து பட்டன்களைத் தட்டினார். பத்து நிமிஷம் எதையோ படித்தார். பிறகு காதைச் சொறிந்தார்.

"மாமா... ரெண்டு கடைக்காரனும் தனித்தனியா ரோடு போட்டு வெச்சிருக்கானுங்க. பாக்க ஒரே ரோடுதான். அவன்கிட்ட வாங்குன வண்டி இவன் ரோட்டுக்கு வராதுங்க. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கான். நான் பாக்கலைங்க."

"லாரி படத்தை மட்டும் ரெண்டு பேரும் நல்லாப் பாத்தீங்க" என்றாள் கவிதா.

ஷிண்டேவிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தேன். ஒருமுறை மாற்று டயர் எடுக்க மறந்ததற்கு ஹூப்ளி வரைக்கும் திட்டின ஆள்.

"சரி அண்ணா. நீ ஓட்டு. நான் படுக்கறேன்."

வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வாசகர்களே, லாரிக்காரனுக்கு இந்தப் பாடம் புதிதா? இல்லை. சாத்தாராவைத் தாண்டி ஒரு பங்க் இருந்தது. டேங்க் நிரப்பினால் ஒரு துண்டு ஓசி. டிரைவர்கள் வரிசையில் நிற்போம். நல்ல டீசல் விற்கிற பங்க் எதிரிலேயே காற்று வாங்கிக்கொண்டிருக்கும். துண்டு பங்க்கில் போட்ட டீசல் மலை ஏறும்போது இருமும். இறங்கி, அதே துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றுவோம். அடுத்த டிரிப்பில் மறுபடியும் அதே வரிசை. என்ன கொடுக்கிறான் என்று பார்க்கிற கண், வேறு எதையும் பார்ப்பதில்லை.

வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டால் எடுக்க மாட்டார்களாம். வேறு யாருக்காவது விற்கலாமா? அதுவும் முடியாதாம். மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். நம் கடையிலேயே ஷிண்டேவுக்கும் இன்னொன்று வாங்கித் தந்துவிடலாம். எப்படியும் ஒன்று வாங்கத்தான் போகிறோம். அப்படிச் செய்தால் பச்சை லாரி கையை விட்டுப் போகாது.

நியாயமான யோசனைதான். ஆனால் ரோட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு லாரி சேர்ந்து போகும்போது ஒன்று வழி மாறிவிட்டால், சரியாகப் போனவன் நகரக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தப்பாகத் திரும்பினவன்தான் தேடி வர வேண்டும். இரண்டு பேரும் தேடக் கிளம்பினால் ராத்திரி முழுக்கச் சுற்றுவார்கள். இங்கே வழி மாறினது யார்? நான்.

ஷிண்டே கடையிலேயே எனக்கு இன்னொன்று வாங்குங்க என்றேன்.

"ஆயுசுல ஒரு லாரி வாங்குனீங்க. அதையும் அம்போன்னு நடுரோட்டுல விட்டுட்டு வர்றீங்க" என்றாள் சரோஜா. எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சாயங்காலம் ஜூஸ் வந்தது.

ஏரவாடாவுக்குப் போன் போட்டேன். ஸ்வாதி எடுத்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்றாள், மெதுவான குரலில். பக்கத்தில்தான் இருந்தார்போல. கோபமா என்று கேட்டேன். இல்லையாம். விளையாட்டுக்காக அவள் வாங்கித் தந்த கம்ப்யூட்டரை விற்றுவிடச் சொல்கிறாராம்.

போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஷிண்டே, நான்தான் வழி மாறிட்டேன். லாரிய அந்த பங்க்கை விட்டு எடுக்காத. செவ்வாக்கெழம நாலு மணிக்கு வர்றேன்."

ஸ்வாதி போனைத் திரும்ப எடுத்தாள். அப்பா இன்னும் சுவர்ப் பக்கம்தான் என்றாள்.

மறுபடியும் இரண்டு நாள் இறங்கியது. இந்தக் கடை லாரி வெள்ளை நிறம். நெற்றியில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பேர். மறுபடியும் முதலாளி லாரி. எனக்குப் பழகினதுதான்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை ஆபீஸ் போய்விட்டார். கவிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டினேன். சிவப்புக் கூரை தெரிந்தது. போனை எடுத்துக் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

நாலாவது பம்ப்பில் ஒரு நீல லாரி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கவிதாதான் முதலில் சொன்னாள். "அப்பா, இண்டிகேட்டர் போடறாங்க."

போன் அடித்தது.

"லேட்டு அண்ணா."

"ரெண்டு நாள்தானே."

"ஹூப்ளி வரைக்கும் திட்டவா?"

"திட்டு."

திட்டினார். பாதி தமிழ், பாதி மராத்தி. கவிதாவுக்கு இரண்டும் தெரியும். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

ஸ்வாதி பிறகு சொன்னாள். மூன்று மணிக்கே கட்டிலிலிருந்து இறங்கினாராம். யாரையும் பிடிக்க விடவில்லையாம். சுவரைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, அவராக நாற்காலிக்கு வந்தாராம்.

நான் முன்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் அவர் என்னைத் தாண்டினார், வளைவில். பத்தொன்பது வருஷம் சேர்ந்து ஓட்டியும், இவர் லாரி ஓட்டுவதை வெளியே இருந்து நான் பார்த்ததில்லை. இவர் இப்படி ஓட்டும்போதா நான் நிம்மதியாகத் தூங்கினேன்?

இருட்டுவதற்குள் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் ஏரவாடாவில் குடித்தார், நான் வானவடியில் குடித்தேன். கிளம்பும்போது நாளைக்கும் நாலு மணிதானே என்று கேட்டார்.

அன்று ஓட்டியது நூற்று முப்பத்தாறு கிலோமீட்டர்.