பெயர் வெட்டிய சொம்பு

மேல்வீட்டில் மறுபடியும் சுவரைத் துளைக்கிறார்கள். பொங்கோலில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததிலிருந்து யாராவது ஒருவர் துளைத்துக்கொண்டேதான் இருக்கிறார். கணினித் திரையில், அரசர் காலக் கதையுள்ள வீடியோ கேம் ஒன்றுக்காக நான் வரையும் கல்வெட்டுத் தமிழ் எழுத்துகள். "இன்னும் தேஞ்சுபோன மாதிரி வேணும் லா" என்று கேம் கம்பெனித் தம்பி தினேஷ் மறுபடி திருப்பி அனுப்பியிருக்கிறான்.

மேலே துளைக்கும் இதே இரைச்சல்தான் தேக்கா கடைத்தெருவின் பாத்திரக் கடையில், பெயர் வெட்டும் மெஷினிலிருந்து வரும். அம்மா தன் சம்பளத்தில் வாங்கிய ஒவ்வொரு பாத்திரத்தையும் கடைக்காரரிடம் நீட்டி, "சேகர்னு போடுங்க" என்பாள். அப்பாவின் பெயர்.

நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது அப்பா கேலாங்கில் வேறொருத்தியோடு குடிபோனார். பாத்திரங்கள் எங்களோடு தங்கிவிட்டன.

"வேற வாங்கிக்கலாமே" என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

"நல்ல பாத்திரம். தூக்கியா போட முடியும்?" என்றாள் அம்மா.

அதன்பிறகு சொம்பு துலக்கும்போது அவள் கையிலிருந்த கம்பி நார் பெயர் இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். புளி வாசனை கூடம்வரை வரும். பெயர் மங்கியது, அழியவில்லை.

அந்தச் சொம்பை நினைத்துக்கொண்டே இன்று எழுத்துகளின் ஓரங்களை அரித்து அனுப்பினேன். மாலையில் தினேஷ் அழைத்தான்.

"அக்கா, ச, க, ர மூணும் சூப்பரா தேஞ்சிருக்கு. மத்ததையும் அப்படியே செஞ்சிடுங்க."

சரி என்றேன். மற்ற எழுத்துகள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை.