வெள்ளிக்கிழமைப் பாண் புடிங்

பிற்பகல் மூன்று இருபதுக்கு மகள் அழைத்தாள். "அப்பா, லொங்குய் ஸ்டேசனில மெட்ரோ நிண்டுபோச்சு. பஸ்ஸில வரப் பாக்கிறன்." பத்து நிமிடம் கழித்து நான் திருப்பி எடுத்தபோது அவளுடைய போன் ஒலிக்கவே இல்லை.

வெளியே உறைமழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகிக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் இப்படி ஒரு நாளில்தான் அவள் பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றும் போன் இப்படித்தான் கிடந்தது. கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் பிரெஞ்சில் அழைத்து ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். இன்றைக்கும் தெரியாத இலக்கம் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

துறைமுகக் களஞ்சியத்தில் விடியற்காலை வேலை முடித்து வந்திருந்தேன். கால் கடுத்தது. ஆனாலும் இருக்க முடியவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் குளிர்காலத்தில் கொடுத்த பாண் புடிங்கை அவள் ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உறைபெட்டியில் சேர்த்துவைத்திருந்த பாண் கரைகளை எடுத்துப் பிய்த்துப் போட்டேன். பாலைச் சூடாக்கி மேப்பிள் பாணி விட்டேன். கறுவா, முந்திரிகை வத்தல். நாலு முட்டையை உடைத்து அந்தப் பாலிலேயே அடித்து, பாணின் மேல் ஊற்றி ஊறவிட்டேன். இடையிடையே யன்னலுக்குப் போய்வந்தேன்.

நாலரைக்கு மனைவி வேலையிடத்திலிருந்து எடுத்தாள்.

"பிள்ளை வந்திட்டாளோ?"

"இன்னும் இல்லை."

"நீங்கள் என்ன செய்யிறியள்?"

"பாண் புடிங்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா. முட்டை போடேல்லைத்தானே?"

"இல்லை," என்றேன்.

போனை வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. நான் முட்டை அடித்தது சுவாமிக்குப் பால் காய்ச்சும் சட்டியில். வேறொரு நாளென்றால் கழுவிக் கவிழ்த்துவிட்டு எனக்குள் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. இந்தக் கையோடு சுவாமி அறைக்குள் போய் பிள்ளையைக் காப்பாற்று என்று எப்படிக் கேட்பது? கேட்காமலும் இருக்க முடியவில்லை. அறை வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டேன். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், புடிங்கை அடுப்புக்குள் தள்ளினேன்.

ஐந்தேமுக்காலுக்குப் படியில் சப்பாத்துச் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மகள்தான். தொப்பியெல்லாம் பனிக்கட்டி. நான் வாய் திறக்கமுதல் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

"விழேல்லை அப்பா. குளிருக்குப் போன் செத்துப்போச்சு, அவ்வளவுதான்."

அவள் மூக்கை உயர்த்தி மணம் பிடித்தாள். குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையில முட்டையோ? அம்மா வரமுன்னம் யன்னலைத் திறவுங்கோ."