எத்தனை பக்கம் ஆச்சு?

நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை பக்கம் ஆச்சு?" ஷிப்ட் முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்ளும்போதே கேட்டுவிடுவார். என் ஆய்வு எதைப் பற்றியது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே என்றே பல நாள் எழுதியிருக்கிறேன். நெறியாளருக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

பணி ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கையில் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. எங்கள் தொழிலாளர் குடியிருப்பில் நோயாளி வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா அதை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மனச உட்டுடாதீங்க. சர்வீஸ்ல இருக்கறப்ப எதனா ஒண்ணு ஆனாலும் பொண்ணுக்கு வாரிசு வேலை வந்துடுங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த அறையில் படுத்திருந்த அப்பாவுக்கும் அது கேட்டது.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பக்கக் கணக்குக் கேட்கவே இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டர், முடியாது என்றுவிட்டார். கால் வீங்கி ஷூவுக்குள் போகாத நாளிலும் செருப்போடு ஷிப்டுக்குக் கிளம்பினார். கடமை உணர்ச்சி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடப் பார்க்கிறார் என்று அம்மாதான் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள். வீடே ஒரு சாவை நம்பி உட்கார்ந்திருக்க, நான் எந்த நம்பிக்கையில் எழுதுவது? மடிக்கணினியைத் திறப்பேன், மூடுவேன். நெறியாளர் எச்சரித்தும் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

அப்பா உயிரோடு ஓய்வு பெற்றார். மாலை போட்டு, உடன் வேலை செய்தவர்கள் வேனில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு ஒண்ணும் பண்ண முடியாம போச்சும்மா."

உயிரோடு இருப்பதற்காக ஒரு மனுஷன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை பக்கம் ஆச்சுன்னு கேளுப்பா" என்று கத்தினேன்.

அவர் கேட்கவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் கேட்பதை நிறுத்தியதிலிருந்து ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்று நானே சொன்னேன்.