மூன்று சென்டிமீட்டர்

நம்பாதவர்களிடம் இளவரசு வாதாடுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டுவார். போன நவம்பர், ஒரு வியாழக்கிழமை. நேரமும் அளவும் அன்றைக்கே அவர் கையால் எழுதியவை.

புவனகிரி பாலத்துக்கு இந்தப் பக்கம் அவருடைய பட்டறை. அண்ணாமலை நகரில் பாடம் நடத்தும் காயத்ரி, தான் வாங்கிய பழைய வெளிநாட்டுக் காரைக் காலையில் கொண்டுவந்தார். அதன் பின் சக்கரங்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ஆள் ஏறினால் வண்டி தாழும்; உடனே பம்ப் ஓடிப் பழைய மட்டத்துக்குத் தூக்கும். இறங்கினால் எழும்பும்; 'உஸ்ஸ்' என்று காற்றை விட்டு மட்டத்துக்கு வரும்.

"சும்மா நிக்கும்போதே பம்ப் ஓடுதுண்ணே. எம் பொண்ணு சுவேதா எப்பவும் பின்னாடி இடது பக்கந்தான் உக்காருவா. ஆறு வயசு. அவள வச்சிகிட்டு தெனம் ஸ்கூலுக்கு போய் வரணும்."

"காத்து லீக்காத்தான் இருக்கும் மேடம். சாயங்காலம் வாங்க."

சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

11.40. சாவியைப் போட்டுவிட்டு டேப்போடு உட்கார்ந்தார். இடது பின்பக்கம் தாழ்ந்தது. மெல்ல அல்ல. சட்டென்று. மூன்று சென்டிமீட்டர். ர்ர்ர்... எட்டு நொடி. மட்டம்.

12.05. எழும்பியது. உஸ்ஸ்...

லீக்கான வண்டி இறங்கும். எழும்பாது.

ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை இடது சீட்டில் வைத்து அளந்தார். மூன்று சென்டிமீட்டர். சரியாக மூன்று.

காரை விற்றவர் கடலூர் ஞானப்பிரகாசம். சர்வீஸ் புத்தகத்தில் நம்பர் இருந்தது. இரண்டு முறை அடித்தார். எடுக்கவில்லை.

மட்டம் பார்க்கும் சென்சாரை மாற்றினார். 1.30, தாழ்ந்தது. 2.10, உஸ்ஸ்...

4.22. மறுபடி தாழ்ந்தது. கதவைத் திறந்தார்.

சீட் காலி. ரெக்சின் மட்டும் நடுவில் குழிந்திருந்தது.

பயந்ததாக அவர் சொல்ல மாட்டார். எரிச்சல் வந்தது என்பார். காயத்ரிக்கு போன் போட்டார்.

"இதக் கழட்டிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுடலாம் மேடம். எல்லாரும் அதான் பண்றாங்க."

"கொழந்தைக்கு பத்திரம்னா போடுங்கண்ணே."

ஃபியூஸைப் பிடுங்கினார். பைகளைக் கழற்றினார். கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டார். வண்டி அசையவே இல்லை.

6.10. காயத்ரி வந்தார். சுவேதா இடது பக்கம் ஏறினாள். கார் சிதம்பரம் பக்கம் போனது.

6.25. போன்.

"ஞானப்பிரகாசம் பேசறேன். ரெண்டு தபா கூப்ட்டுருந்தீங்க."

"அந்தக் கார் சார். தானா தாழுது."

"ஆமா தம்பி. ஏறும்... எறங்கும். விக்கும்போதே சொல்லணும்னு இருந்தேன். யாரு நம்புவா. உஸ்ஸுன்னு கேக்குற வரைக்கும் எம் புள்ளைங்கள ஏத்த மாட்டேன். அவ்ளோதான்."

இளவரசு கழற்றிப் போட்ட பைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பையக் கழட்டிட்டேன் சார். ஸ்பிரிங் போட்டுட்டேன்."

 

"உஸ்ஸுன்னு கேட்டப்புறந்தான கழட்டுனீங்க?"

நோட்டைத் திறந்தார்.

4.22. தாழ்ந்தது.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

6.31. காயத்ரிக்கு அடித்தார்.

"வண்டி நல்லா போவுதுண்ணே. சுவேதாதான் அடம்புடிச்சி முன்னாடி வந்துட்டா."

"ஏன் மேடம்?"

"பின்னாடி... அவ எடத்துல எடமில்லயாம்."