கார்டில் கென்யா

1. ஏர்போர்ட்

ஷார்ஜா முவைலாவில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் டாக்குமென்ட் கிளார்க்காக நான் சேர்ந்த முதல் மாதம். காவலாளிகளின் விசா பேப்பர், சைட் லிஸ்ட், பெயரும் நாடும் போட்டுக் கழுத்தில் மாட்டும் கார்டு எல்லாம் நான்தான் டைப் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான் என்பதால் இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கர்நாடகா எல்லாபூரிலிருந்து புதிதாக வரும் மஞ்சுநாத் சித்தி என்பவரை அழைத்துவர அனுப்பினார்கள். பெயர் எழுதிய அட்டையோடு முக்கால் மணி நேரம் நின்றேன். சுருட்டை முடியோடு உயரமான ஆப்பிரிக்கர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அவரே வந்தார்.

"நானே மஞ்சுநாத்."

சொன்னது கன்னடத்தில். எனக்கு ஓசூர் பக்கம், கன்னடம் தெரியும். அப்படியும் நம்பாமல் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன்.

"நல்லா பாருங்க சார். எங்க ஊர் பஸ்லயே ஆதார் காட்டுன்னுதான் கேப்பாங்க" என்று சிரித்தார்.

போர்ச்சுகீசியர்கள் கப்பலில் கோவாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களாம் சித்திகள். தப்பித்துக் காட்டுக்குள் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. "ஆப்பிரிக்காவுல எந்த இடம்னு எங்கப்பாவுக்கே தெரியாது" என்றார் வண்டியில்.

2. பெஞ்ச்

காவல் நிற்க சைட் கிடைக்காமல், தங்கும் கேம்ப்பிலேயே உட்கார்ந்திருப்பதற்கு எங்கள் கம்பெனியில் பெஞ்ச் என்று பெயர். இரண்டு மாதம் பெஞ்சில் இருந்தால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

மஞ்சுநாத்தை ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு அனுப்பினோம். மதியமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நாங்க கேட்டது இந்தியன்" என்றார் அங்கிருந்து போன் செய்தவர். பாஸ்போர்ட் காப்பியை அனுப்பினேன். "அதை கேட்ல ஒட்டி வைக்கவா? பேரன்ட்ஸ் மூஞ்சியைத்தான் பாப்பாங்க."

இன்னும் இரண்டு இடங்களிலும் இதே கதை. விசா வேலைக்கு அரசாங்க ஆபீஸ்களுக்குப் போய்வரும் எங்கள் பி.ஆர்.ஓ. ஓமன்காரர், மஞ்சுநாத்தைவிடக் கறுப்பு. வெள்ளை கந்தூரா என்கிற அரபு அங்கி போட்ட அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

கேம்ப்பில் தமிழ் ஆட்களின் ரூமில் ஒரு கட்டில் காலி. "காப்பிரியை இங்க போடாதீங்க தம்பி" என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். கென்யாக்காரர்கள் ரூமில் போட்டேன். அங்கே அவருக்குப் பெயர் 'இந்தியா'.

3. கார்டு

இரண்டு மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். திருச்சிக்காரர்.

"ஒரு அபார்ட்மென்ட்ல ஆப்பிரிக்கன் வேணுங்கிறான்ப்பா. பாத்தாலே பயப்படணுமாம். நம்ம ஆளைப் போட்டுடு. கார்டுல கென்யான்னு அடி."

"சார், அவர் இந்தியர் சார்."

"யாருப்பா இல்லைன்னது? இந்தியனா ஊருக்குப் போறானா, கென்யாக்காரனா இங்க இருக்கானா, அவனையே கேளு."

கேட்டேன்.

"போனா மரம் வெட்டணும். அடிங்க சார்" என்றார். பிறகு, "பேரு?"

"எம். சித்தின்னு போட்டுடறேன்."

"சரி, மஞ்சுநாத் மட்டும் ஊருக்குப் போகட்டும்." இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டைப் செய்தேன். ஒரு நிமிடத்தில் கார்டு வந்துவிட்டது.

அடுத்த வாரம் அட்டெண்டன்ஸ் பார்க்க அந்த அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். லிஃப்ட் பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா நிறுத்தினார்.

"தமிழா தம்பி? இந்தக் காப்பிரி எந்த நாட்டுக்காரன்? புள்ளைங்க பயப்படுதுங்க."

மஞ்சுநாத் இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்தார். கேட்டதில் முக்கால்வாசி அவருக்குப் புரிந்திருக்கும்.

"கென்யாங்க" என்றேன்.

அவர் அட்டெண்டன்ஸ் ஷீட்டில் 'எம். சித்தி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனாவைக் கொடுக்கும்போதும் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. "தேங்க் யூ சார்" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே அடியுங்கள். ஒரு முறை மாற்றி அடித்தால், அப்புறம் அந்த ஆளின் முன்னாலேயே அதை வாயாலும் சொல்ல வேண்டி வரும்.