திருப்பிக் கொடுத்த பிடி அரிசி

போன மழைக்காலத்தில் என் இடுப்பு போனது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு இறக்கும்போது இரும்புத் தகடு சரிந்து, விழுந்தேன். கான்ட்ராக்டர் ஒரு வாரச் சம்பளம் கொடுத்தார். அதோடு சரி. வெள்ளானூர் வீட்டில் படுக்கைதான். ஜெபிக்கவும் தெம்பில்லை.

முன்னால் நடந்ததையும் சொல்லணும். எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். ஞாயிறு கொண்டுவருவார்கள். இல்லாத வீட்டுக்குப் போகும். மூட்டையில் கொட்டுவது நான்.

போனில் வரும் வீடியோவில் ஒரு அண்ணன் பேசுவார். விசுவாசிதான். இலவசம் மனுஷனைக் கெடுக்கும், ஏழைக்குக் கொடுப்பது சர்க்கார் வேலை இல்லை, சபைதான் முகம் பார்த்துக் கொடுக்கணும் என்பார். சரியாகப் பட்டது. ரேஷன் கார்டைச் சர்க்கரை கார்டாக மாற்றினேன். அந்தக் கார்டுக்கு அரிசி கிடையாது. அதோடு நின்றிருக்கலாம். பின்வீட்டு எஸ்தர் அக்கா ஃப்ளாட்டுகளில் பாத்திரம் தேய்ப்பவர். ஒரு ஞாயிறு சபையில் அவர் பையைத் திறந்து பார்த்து, "ரேஷன் அரிசியை ஆண்டவருக்குப் போடாதீங்கக்கா" என்று எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தேன். அக்கா பையை மடித்துக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், வீட்டில் அரிசி தீர்ந்தது. மனைவி ஸ்டெல்லா சபையில் கேட்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். "ஆண்டவரே, கை நீட்ட வைக்காதீங்க." அதுதான் என் ஜெபம். இரண்டு நாள் வெறும் டீ. மூன்றாம் நாள், "ஆண்டவரே, ஏதாவது செய்யுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அன்று காலையிலேயே எஸ்தர் அக்கா வந்தார். கையில் அதே பை.

"இன்னா தம்பி, ரெண்டு நாளா உங்க ஊட்ல குக்கர் விசிலே கேக்கல? இது ரேஷன் அரிசிதான். வேணான்னா சொல்லு, எடுத்துகினு போறேன்."

"குடுங்கக்கா" என்றாள் ஸ்டெல்லா.

"நீ சும்மா இரு. அவரு வாயால சொல்லட்டும்."

எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டினேன். "குடுக்கா."

அக்கா சிரித்துவிட்டார். "உலை வையி ஸ்டெல்லா. நானும் ரெண்டு வாய் துன்னுட்டு வேலைக்குப் போறேன்."

கை நீட்ட வைக்காதீங்க என்று கேட்டேன். ஆண்டவர் நீட்ட வைத்தார். வயிறு நிறைந்தது.

அந்த அண்ணன்மேல் கோபம் இல்லை. முகம் பார்த்துக் கொடுக்கணும் என்றது நிஜம். அக்கா என் முகம் பார்த்துத்தான் கொடுத்தார். ஆனால் அரிசி சர்க்கார் அரிசி. இரண்டும் ஆண்டவர் அனுப்பினது.

இப்போது வானகரத்தில் வாட்ச்மேன் வேலை. இடுப்பு இன்னும் வலிக்கிறது. கார்டைத் திரும்ப மாற்றிவிட்டேன். ஞாயிறு அரிசி கொட்டும்போது யார் பைக்குள்ளும் பார்ப்பதில்லை. முதல் பிடி எங்கள் வீட்டு ரேஷன் அரிசி. ஆண்டவருக்கு நன்றி.

உங்கள் வீட்டில் விசில் நின்றுபோனால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போடாதீங்க.